கோலிக்குண்டை உருட்டினால் 9.8 வரவில்லை, 7 தான் வருகிறது. எங்கே பிழை?

ஜூலை 3, மாலை 6:40 (கேள்வி)

திருமங்கலம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பு முடுக்கத்தை (புத்தகத்தில் 9.8) அளந்து காட்ட சாய்தளம் வைத்தேன். வயரிங் வேலைக்கு விற்கிற பி.வி.சி. கேசிங் பட்டை, 2 மீட்டர். ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தி, பட்டைக்குள் கண்ணாடிக் கோலிக்குண்டை விட்டோம். 180 செ.மீ. உருள 3.2 வினாடி. தூரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் 0.35. சரிவு 200-க்கு 10, அதாவது 0.05. அதால் வகுத்தால் 7.03. மூன்று குழுவுக்கும் 6.8, 7.0, 7.1 என்றே வந்தது. உராய்வுதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். "மூணு குழுவுக்குமா டீச்சர் ஒரே அளவு உராய்வு இருக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். பதில் இல்லை. பட்டையில் எண்ணெய் தடவிப் பார்க்கலாமா?

ஜூலை 3, இரவு 9:15

எண்ணெய் வேண்டாம் டீச்சர். எதையும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். அந்தக் கோலி தர வேண்டிய எண்ணே 6.99 தான். உங்கள் பிள்ளைகள் நன்றாக அளந்திருக்கிறார்கள்.

சறுக்கி இறங்கும் பொருளுக்கு ஒரே வேலை, இறங்குவது. உருளும் குண்டுக்கு இரண்டு வேலை: இறங்க வேண்டும், தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். மேலே தூக்கி வைத்தபோது கொடுத்த ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுற்றுவதற்குப் போய்விடுகிறது. ஏழில் ஐந்து பங்குதான் முன்னே போவதற்கு மிச்சம். உள்ளே வெற்றிடம் இல்லாத, ஒரே சீரான எந்த உருண்டைக்கும் இதே கணக்கு. சின்னக் கோலி, பெரிய கோலி, பால்ரஸ் என்கிற எஃகுக் குண்டு எல்லாம் ஒன்றுதான். நம் பக்கத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.78, அதில் ஏழில் ஐந்து 6.99.

உராய்வு காரணம் என்று நீங்கள் சொன்னது பாதி சரி. குண்டைச் சுற்ற வைப்பதே பட்டையின் உராய்வுதான். ஆனால் வழுக்காமல் உருளும்போது அந்த உராய்வு ஆற்றலை வெப்பமாக்கி விரயம் செய்வதில்லை, சுழற்சிக்கு மாற்றிக் கொடுக்கிறது. எண்ணெய் தடவினால் குண்டு கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் உருளும், எண்ணெய்ப் படலம் பிடித்தும் இழுக்கும். அப்போது 7-உம் வராது, 9.8-உம் வராது.

அந்தப் பிள்ளை கேட்டதுதான் இதில் முக்கியமான கேள்வி. அழுக்கு, சொரசொரப்பு, கைநடுக்கம் இவை எல்லாம் குழுவுக்குக் குழு மாறும். மாறாமல் ஒரே இடத்தில் வந்து நிற்கிற எண்ணுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஜூலை 4, காலை 7:05

நேற்று விட்டுப்போனது ஒன்று. கலிலியோவும் குண்டு உருட்டித்தான் பார்த்தார், அவருக்கு இந்த 7 சிக்கல் ஏன் வரவில்லை? அவர் விகிதத்தை மட்டும் பார்த்தார். கால் பங்கு தூரத்துக்குப் பாதி நேரம் ஆகிறது, அவ்வளவுதான் அவர் கண்டது. ஏழில் ஐந்து இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகும். உங்கள் வகுப்பிலும் முதல் நாள் விகிதத்தோடு நிறுத்துவது நல்லது. உயரத்தை 4 செ.மீ. ஆக்குங்கள். 180 செ.மீ.க்கு ஏறத்தாழ 5.1 வினாடி, 45 செ.மீ.க்கு 2.5 வினாடி வரும். கால் பங்கு தூரத்துக்குப் பாதி நேரம் என்பது கண்ணெதிரே தெரியும்.

ஜூலை 4, இரவு 8:30

சுற்றுவதற்கு ஆற்றல் போகிறது என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஓட்டப்பந்தயம் வையுங்கள்.

வேண்டியவை: 2 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலத்துக்குக் குறையாத பிளைவுட் பலகை. அடியில் நடுவில் ஒரு செங்கல், இல்லையென்றால் பலகை தொய்ந்து சரிவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு கோலி. மாப்புக் கம்பில் 8 செ.மீ. அறுத்த துண்டு. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டை வளையம். ஒரு மேசைப்பந்து.

மூன்றடி ஸ்கேலைக் குறுக்கே வைத்து எல்லாவற்றையும் அதன் மேல் சாய்த்து வையுங்கள். ஸ்கேலைச் சரிவின் கீழ்ப்பக்கமாக வெடுக்கென்று எடுக்க வேண்டும். மேல்பக்கம் தூக்கினால் ஸ்கேலின் விளிம்பு சிலவற்றைத் தூக்கிவிடும், சிலவற்றைத் தடுக்கும். கையால் பிடித்துவிட்டால் தள்ளுவோம். தள்ளவில்லை என்று சத்தியம் செய்தாலும் தள்ளியிருப்போம்.

கோலி 180 செ.மீ. கோட்டைத் தொடும் நேரத்தில் கம்புத்துண்டு 12 செ.மீ. பின்னால் இருக்கும். மேசைப்பந்து 30 செ.மீ. வாக்கில், வளையம் அரை மீட்டர் வாக்கில். பலகையின் சரிவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த இடைவெளிகள் மாறாது. பிள்ளைகள் முதலில் எடையைச் சொல்வார்கள், "கனமானது முதல்ல போகும்" என்று. கோலியை எடுத்துவிட்டு அதைவிட நாலு மடங்கு கனமான பால்ரஸ் குண்டை விடுங்கள். அதே நேரத்தில்தான் கோட்டைத் தொடும். பொருள் எவ்வளவு கனம் என்பதைவிட அந்தக் கனம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இங்கே பேசும். வளையத்தில் எல்லாமே விளிம்பில் இருக்கிறது, ஆற்றலில் சரிபாதி சுற்றுவதற்கே போய்விடும், அதனால்தான் அது கடைசி.

சாக்பீஸ் வேண்டாம். அது ஒரு முனை மெலிந்தது, வளைந்து வளைந்து போய்ப் பலகையிலிருந்து விழும். கண்ணாடி வளையல் அழகாக உருளும், ஆனால் மெல்லியது என்பதால் பாதி வழியில் ஆடிச் சாய்ந்துவிடும். அட்டை வளையம் 5 செ.மீ. அகலம் இருப்பதால் நேராகப் போகும்.

ஜூலை 5, காலை 10:20 (மேலூரிலிருந்து ஒருவர்)

சார், நான் கேசிங் பட்டைக்குப் பதில் அலுமினியம் எல் ஆங்கிளை வாய்க்கால் மாதிரி மல்லாத்தி வைத்து உருட்டினேன். எனக்கு 5.4 வருகிறது. 7 என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஜூலை 5, பகல் 1:00

5.4 சரிதான் தம்பி. உங்களுக்கு 7 வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கேசிங் பட்டையின் அடி தட்டையானது. குண்டு தன் அடிப்புள்ளியில் மட்டும் தொடுகிறது, அதனால் ஒரு சுற்றுக்கு முழுச் சுற்றளவு தூரம் போகிறது. எல் ஆங்கிளில் குண்டு இரண்டு பக்கச் சுவரிலும் தொடுகிறது. தொடும் புள்ளிகள் சுழல் அச்சுக்கு நெருங்கிவிட்டன. ஆரத்தில் 0.7 பங்கு தூரம்தான். அதே தூரம் போக அதிகம் சுற்ற வேண்டும், சுற்றுவதற்கு இன்னும் ஆற்றல் போகும். கணக்கிட்டால் ஒன்பதில் ஐந்து பங்கு: 9.78-இல் 5.43.

இரண்டு கம்பிகளை இணையாக வைத்து ரயில் மாதிரி உருட்டினால் கம்பி இடைவெளியைப் பொறுத்து எண் மாறும். 16 மி.மீ. குண்டு, 10 மி.மீ. இடைவெளி என்றால் 5.9. இடைவெளியைக் கூட்டக் கூட்டக் குண்டு கீழே இறங்கும், எண்ணும் இறங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மதியம் முழுக்க வேலை இதில் இருக்கிறது.

டீச்சர், உங்கள் பட்டையையும் ஒருமுறை பாருங்கள். கோலி பட்டையின் அடியில் உட்கார்ந்திருக்கிறதா, ஓர மடிப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? 25 மி.மீ. பட்டை, 16 மி.மீ. கோலி என்றால் அடியில்தான் இருக்கும். சின்னப் பட்டையில் பெரிய கோலியை விட்டால் ஓரத்தில் ஏறி உட்காரும், அப்போது 7 வராது.

ஜூலை 6, இரவு 9:50

முதல் குறிப்பில் ஆற்றல் விரயமே இல்லை என்கிற தொனியில் எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். உருளும்போதும் சிறு இழுப்பு உண்டு. பட்டையில் தூசு, பி.வி.சி.யின் மென்மை, கோலியில் இருக்கும் நெளிவு. 10 செ.மீ. உயரத்தில் அது தெரியாது, 2 செ.மீ. உயரத்தில் நன்றாகத் தெரியும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பட்டையை மட்டமாக வைத்து, ஒரு முனைக்கடியில் ஒவ்வொரு அட்டையாகச் செருகுங்கள். மெல்லத் தட்டிவிட்ட கோலி வேகம் கூடாமலும் குறையாமலும் கடைசிவரை போகிற உயரம் எதுவோ, அதுதான் இழுப்புக்குச் சமம். அந்த உயரத்தைக் கடைசிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை தரையில் இருக்கிறது. வகுப்பறைத் தரை மட்டம் இல்லை. கழுவிவிட்ட தண்ணீர் வெளியே போகட்டும் என்று கொத்தனார் வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார். 2 மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் 4 செ.மீ. உயர்த்தியதாக நினைக்கும்போது உண்மையில் 5 அல்லது 3. கால் பங்கு பிழை! ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டையை எதிர்த்திசையில் திருப்பி வைத்து ஒருமுறை உருட்டி, இரண்டு முடுக்கங்களுக்கும் சராசரி எடுங்கள். நேரங்களுக்குச் சராசரி எடுக்கக் கூடாது, முடுக்கங்களுக்குத்தான்.

ஜூலை 7, காலை 6:45

ஸ்டாப்வாட்ச் பற்றி. பிழை பெரும்பாலும் தொடக்கத்தில் வருகிறது. "ரெடி, ஒன், டூ" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் விட்டால் இரண்டு பேரின் தாமதமும் சேரும். குண்டை விடுகிறவரே கடிகாரத்தையும் அழுத்தட்டும். முடிவில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். "டொக்" சத்தம் கேட்டு நிறுத்துவது, கோட்டைப் பார்த்து நிறுத்துவதைவிடச் சீராக வரும். ஐந்து முறை எடுத்து நடுவில் வருகிற எண்ணை எழுதுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தவறான அழுத்தல் எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

செல்போனில் படம்பிடித்தும் பார்க்கலாம். வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 0.033 வினாடி, கைவிரலைவிட நம்பலாம்.

செல்போன் கொண்டுவரக் கூடாத பள்ளிகளுக்குத் தண்ணீர்க் கடிகாரம் போதும். நாழிகை வட்டில் வைத்து நேரம் பார்த்த ஊர்தானே இது. கலிலியோவும் ஒழுகிய தண்ணீரை நிறுத்துத்தான் நேரம் பார்த்தார். வாளியின் அடியில் 3 மி.மீ. ஓட்டை, விரலால் மூடித் திறக்க வேண்டும். வாளி முக்கால் பாகமாவது நிறைந்திருக்கட்டும், மட்டம் இறங்க இறங்க ஒழுகும் வேகமும் குறையும். பிடித்த தண்ணீரை மருந்து அளக்கும் ஊசிக்குழாயால் மில்லிலிட்டரில் அளந்தால் விகிதம் அழகாக வரும்.

ஜூலை 8, இரவு 7:30 (கேட்டவர்)

பந்தயம் வைத்தோம் சார். வளையம் கடைசி, கோலி முதல். இப்போது பிள்ளைகள் வேறு கேட்கிறார்கள். அப்படியானால் 9.8-ஐ எதை வைத்து அளப்பது?

ஜூலை 9, காலை 7:10

தனி ஊசல். சுற்றல் இல்லை, உருளல் இல்லை, ஆடுவது மட்டும்தான். ஒரு நூலும் ஒரு பால்ரஸ் குண்டும் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் கெட்டுப்போகிற இடங்களைச் சொல்கிறேன்.

நூலை ஆணியில் சுற்றிக் கட்டாதீர்கள். ஊசல் ஆடும்போது நூல் ஆணியின் மேல் சுருண்டு விரிந்து நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு அழிரப்பருக்கு நடுவே நூலைக் கொடுத்துத் துணி மாட்டும் கிளிப்பால் இறுக்குங்கள். ரப்பரின் கீழ் விளிம்பு, அதுதான் தொங்கு புள்ளி.

நீளம் என்பது அந்த விளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை. முடிச்சு வரை அளக்கிறவர்கள் நிறையப் பேர். குண்டின் ஆரம் 1 செ.மீ. என்றால் ஒரு மீட்டர் ஊசலில் அதுவே நூற்றில் ஒரு பங்கு பிழை. குண்டைத் தொங்கவிட்ட பிறகு அளக்க வேண்டும், தையல் நூல் எடை ஏறினால் நீளும். தூண்டில் நரம்பும் நீளும். சணலைப் பிரித்த இழை முறுக்கு அவிழ்ந்து குண்டைச் சுற்றவிடும். நெசவுக்கு வாங்குகிற முறுக்கேறிய பருத்தி நூல் கிடைத்தால் அதுவே நல்லது.

இழுத்துவிடும் கோணம் 10 பாகைக்குள் இருக்கட்டும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 17 செ.மீ. பக்கவாட்டில் இழுத்தால் 10 பாகை. 30 பாகைக்கு இழுத்தால் ஆட்ட நேரம் நூற்றுக்கு 1.7 கூடும், ஜி (ஈர்ப்பு முடுக்கம்) கணக்கில் நேரத்தை வர்க்கப்படுத்துவதால் பிழை மூன்றரையாகிவிடும்.

நேரத்தை எண்ணத் தொடங்குவது ஓரத்தில் அல்ல, நடுவில். ஓரத்தில் குண்டு நின்று திரும்புகிறது, எந்த நொடியில் நின்றது என்று கண்ணால் சொல்ல முடியாது. நடுவில்தான் வேகம் அதிகம், சுவரில் ஒரு கோடு போட்டுவைத்தால் கடக்கும் கணம் துல்லியமாகத் தெரியும். எண்ணும்போது "ஒன்று" என்று தொடங்கக் கூடாது, "பூஜ்யம்" என்று தொடங்க வேண்டும். இந்த ஒரு தவறால் 20 ஆட்டம் (போய்த் திரும்பி வந்தால் ஒன்று) 19 ஆகி, ஜி 10.8 வந்து நிற்கும். வகுப்பில் யாருக்காவது 10.8 வந்தால் வேறெதையும் தேட வேண்டாம், எண்ணிக்கைதான்.

ஒரு மீட்டர், 20 ஆட்டம்: 40.2 வினாடி வரும். மதுரையில் 9.81 வராது, 9.78 தான் வரும், அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஜூலை 9, இரவு 10:05

காலையில் கடைசி வரியில் தவறு செய்துவிட்டேன். மதுரையில் 9.78 என்பது உண்மை. நாம் நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கே இருக்கிறோம். கோட்டிலேயே 9.780, துருவத்தில் 9.832. புத்தகங்களில் வரும் 9.80665 என்பது 1901-இல் உலகத்துக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட எண், ஏறத்தாழ 45 பாகை அட்சரேகைக்கு உரியது. ஆனால் அந்த வித்தியாசம் 20 ஆட்டத்தில் தெரியாது. 9.78-க்கு 40.18 வினாடி, 9.81-க்கு 40.12. வித்தியாசம் வினாடியில் நூற்றில் ஆறு பங்கு. கைவிரல் பிழை அதைவிட மூன்று மடங்கு. 100 ஆட்டம் எண்ணினால் வித்தியாசம் 0.3 வினாடி, அப்போதும் நீளத்தை அரை மில்லிமீட்டருக்குள் அளந்திருந்தால்தான் பேச முடியும்.

ஆகவே பிள்ளைகளுக்கு 9.7-இலிருந்து 9.9-க்குள் எது வந்தாலும் நல்ல அளவு. 9.81 என்று மனப்பாடமாக எழுதிக் கொடுக்கிற நோட்டைவிட, 9.74 என்று அளந்து எழுதிய நோட்டுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். கொடைக்கானலுக்கு ஏறிப்போய் அளந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மாறாது.

ஜூலை 11, மாலை 5:30 (உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்)

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். நெம்புகோல் விதிக்கு 50 செ.மீ. ஸ்கேலும் ஒரு ரூபாய்க் காசும் வைத்தேன். ஒரு பக்கம் 10 செ.மீ.யில் 5 காசு, மறுபக்கம் 25 செ.மீ. முனையில் 2 காசு. இரண்டும் 50. சமன்படவே இல்லை. இரண்டு காசு உள்ள பக்கம் தொப்பென்று விழுகிறது.

ஜூலை 11, இரவு 8:15

காசுகளைக் கையில் எடுத்து விட்டம் பாருங்கள் சார். ஒரு ரூபாய்க் காசு ஒரே எடை இல்லை. 2011-இல் வந்த வரிசை 3.79 கிராம், விட்டம் 22 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 2019-இல் வந்தது 3.09 கிராம், 20 மி.மீ. பழைய பெரிய காசு 4.85 கிராம், 25 மி.மீ. உங்கள் 5 காசும் புதியதாக, 2 காசும் 2011-ஆகப் போயிருந்தால் ஒரு பக்கம் 154.5, மறுபக்கம் 189.5. விழாமல் என்ன செய்யும்? ஒரே விட்டமுள்ள காசாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காசின் நடுவைக் கோட்டில் வையுங்கள். விளிம்பைக் கோட்டில் வைப்பது பிள்ளைகளின் வழக்கம், அதில் 1 செ.மீ. போய்விடும். முனையில் நடு வைக்க இடமிருக்காது என்பதால் 25-ஐ விட்டுவிட்டு 8-இல் 5, 20-இல் 2 என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஜூலை 12, காலை 6:30

நெம்புகோல் பற்றித் தூங்கும் முன் யோசித்ததில் இதுவும் தோன்றியது. காசுகள் சரியாக இருந்தாலும் ஸ்கேல் பெரும்பாலும் சமமாக நிற்காது. ஸ்கேல் ஒரு கூர்விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, காசுகள் ஸ்கேலின் மேலே. மொத்தக் கனத்தின் மையம் தாங்கு புள்ளிக்கு மேலே போய்விட்டது. துளி சாய்ந்தால் மேலும் சாயும். பிள்ளைகள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம். பென்சிலை அடியில் வைத்தால் எதிர்ச்சிக்கல்: ஆறு பட்டைப் பென்சிலின் தட்டைப் பக்கம் அகலமானது, ஒரு காசு கூடக்குறைய இருந்தாலும் அசையாமல் நிற்கும். உருண்டைப் பென்சில் உருண்டோடும்.

கடைத்தராசைப் பாருங்கள். தண்டு மேலே, தட்டுகள் கீழே. அதேபோல ஸ்கேலின் நடுவில் மேல் விளிம்பை ஒட்டிச் சூடான ஊசியால் ஓட்டை போட்டு நூலில் தொங்கவிடுங்கள். காசுகளை நூல் வளையத்தில் செல்லோ டேப்பால் ஒட்டி ஸ்கேலுக்குக் கீழே தொங்கவிடுங்கள். கனத்தின் மையம் தாங்கு புள்ளிக்குக் கீழே வந்துவிடும். தட்டிவிட்டால் ஆடி ஆடித் தானாகவே சமநிலைக்கு வரும். வெறும் ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் மேலே போகிற பக்கத்தில் மெழுகுத் துளி விட்டு முதலில் சரிசெய்யுங்கள்.

ஜூலை 14, இரவு 9:00

மறுபடியும் உருட்டலுக்கு வருகிறேன். மேலூர் தம்பி கேட்டிருந்தார்: கோலியை ஜெயிக்கிற உருளும் பொருள் உண்டா?

உண்டு. தண்ணீர் நிறைந்த பாட்டில்.

நேர்ப் பக்கங்கள் உள்ள அரை லிட்டர் பாட்டில், கழுத்துவரை தண்ணீர், காற்றுக் குமிழ் மொச்சைக்கொட்டை அளவுக்கு மேல் இல்லாமல் மூடி. உருட்டினால் பாட்டிலின் மெல்லிய சுவர் மட்டும் சுற்றும், உள்ளே தண்ணீர் கிட்டத்தட்டச் சுற்றாமல் இறங்கும். சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் கூடச் சுற்றும். ஏறத்தாழ எல்லா ஆற்றலும் முன்னே போவதற்குத்தான், எண் 8-க்கு மேல் வரும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே பாட்டிலில் ஆற்றுமணலைத் தட்டித் தட்டி இறுக்கி நிரப்புங்கள். மணல் பாட்டிலோடு சேர்ந்து சுற்றும், 6.5-க்கு இறங்கிவிடும், கோலியிடம் தோற்கும். மணலைப் பாதி ஆக்கினால் பாட்டில் உருளவே மறுக்கும். உள்ளே மணல் சரிந்து சரிந்து ஆற்றலைத் தின்றுவிடும். ஒரே பாட்டிலை மூன்று விதமாக நிரப்பினால் மூன்று பதில், இதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

வளையங்கள் புடைத்த பாட்டில், நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாட்டில் எல்லாம் திசை மாறி ஓடும். பலகையின் இரு ஓரத்திலும் ஸ்கேலைக் கட்டித் தடுப்பு வைக்க வேண்டாம், உரசினால் கணக்கு கெடும். நேரான பாட்டிலைத் தேடி எடுங்கள்.

ஜூலை 16, காலை 7:00

உராய்வுக்கும் சோதனை கேட்டு ஒருவர் தனியே எழுதியிருந்தார். சுருக்கமாக. ஒரு மீட்டர் பலகையில் மரக்கட்டையை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கட்டை நகரத் தொடங்கும்போது நிறுத்தி, உயரத்தைத் தரையில் உள்ள அடிநீளத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு. கட்டையின் அடியில் உப்புத்தாள், ரப்பர் செருப்பின் அடித்துண்டு, பாலித்தீன் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள்.

தொடும் பரப்பு மாறினால் உராய்வு மாறாது என்று காட்டத் தீப்பெட்டியை எடுக்காதீர்கள். அகலப் பக்கம் வழவழ அட்டை, ஒடுங்கிய பக்கம் தீக்குச்சி உரசுகிற மருந்துப் பட்டை. உராய்வு மாறத்தான் செய்யும், விதி பொய் என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழைத்த கட்டைதான் வேண்டும்.

நகரத் தொடங்கும் முன்பே பலகையை விரலால் தட்டிக்கொண்டே உயர்த்தினால் குறைந்த உயரத்திலேயே கட்டை இறங்கிவிடும். நின்றதை நகர்த்தப் பெரும் விசை, நகர்ந்ததை ஓட்டச் சிறு விசை. சித்திரைத் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளம்பும்போது வடத்தில் கை போதாமல் பின்னால் சக்கரத்துக்கு அடியில் நெம்புவார்கள். மாசி வீதியில் ஓடத் தொடங்கியபின் நிறுத்துவதற்குத்தான் முட்டுக்கட்டைக்காரர் ஓட வேண்டியிருக்கும்.

ஜூலை 19, மாலை 6:15 (கேட்டவர்)

வளையத்தையும் அளந்தோம் சார். நீங்கள் சொன்ன கணக்குப்படி வளையத்துக்குச் சரிபாதி, 4.89 வர வேண்டும். ஐந்து முறை உருட்டியும் 5.1 தான். இந்த முறை உராய்வு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே பிள்ளை, வளையம் "தடியா இருக்கு டீச்சர்" என்கிறாள்.

ஜூலை 19, இரவு 8:40

அவள் சொன்னதுதான் பதில். சரிபாதி என்பது தடிமனே இல்லாத வளையத்துக்கு. உங்கள் அட்டை வளையத்தில் கொஞ்சம் கனம் உள்பக்கம் இருக்கிறது, அதனால் சுற்றுவது சற்று எளிது, எண் கூடுகிறது. அந்த டேப் வளையத்தின் உள்விட்டம் வழக்கமாக 76 மி.மீ. இருக்கும். 5.1 வந்திருக்கிறது என்றால் வெளிவிட்டம் 83 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டும், அதாவது சுவர் மூன்றரை மில்லிமீட்டர்.

இந்த எண்ணை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடித்ததும் டேப் தீராத புது ரோல் ஒன்றைக் கொடுத்து, அதற்கு எவ்வளவு வரும் என்று உருட்டுவதற்கு முன்பே பலகையில் எழுதச் சொல்லுங்கள்.